பணம் இருந்தால் புரியும் என்று யார் சொன்னது?

கேள்வி: வணக்கம் சார். 18 வருடங்களாகக் கணக்குத் துறையில் இருக்கிறேன். மூன்று பெரிய கம்பெனிகளின் பங்குகளோடு இணைத்த ஸ்ட்ரக்சர்டு நோட் ஒன்றில், அதாவது திரும்பி வரும் தொகை பங்கு விலையைப் பொறுத்து மாறும் ஒரு கடன் பத்திரத்தில், பணம் போட ஆசைப்பட்டேன். காலம் மூன்று வருடம், ஆண்டுக்கு 12 சதவீதம், பங்குகள் 40 சதவீதம் வரை விழுந்தாலும் அசலுக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் விதிப்படி இருக்க வேண்டிய சொத்து மதிப்பு எனக்கு இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். நிலம் விற்ற பணத்தைக் கையில் வைத்திருக்கும் என் கணவரின் அண்ணனுக்கு அதையே வீடு தேடி வந்து விற்கிறார்கள். அவரோ ஆவணத்தை என்னிடம் நீட்டி, "இதில் என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்கிறார். லாட்டரிச் சீட்டு வாங்க எவரும் சொத்துக் கணக்குக் கேட்பதில்லை. என் பணத்தை எங்கே போடலாம் என்று சொல்ல ஒழுங்குமுறை அமைப்புக்கு என்ன உரிமை? பேசாமல் அவர் பெயரில் என் பணத்தையும் சேர்த்துப் போட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றிப் பேசும் முன் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஆலோசனைக்குக் கட்டணம் வாங்கும் இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு வங்கியின் முதலீட்டுப் பிரிவில் இருந்தேன். 'அசலுக்கு உத்தரவாதம்' என்று அட்டையில் பெரிதாக அச்சிட்ட ஒரு திட்டத்தை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "உத்தரவாதம் யார் தருகிறார்கள்?" நாங்கள்தான் சார் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று மாலை ஆவணத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, உத்தரவாதம் தந்தது எங்கள் வங்கி இல்லை, அந்த நோட்டை வெளியிட்ட வேறொரு நிறுவனம். நாங்கள் வெறும் விற்பனையாளர்கள். மறுநாள் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேனா? இல்லை. அந்த மாத இலக்கில் அவருடைய தொகையும் சேர்ந்திருந்தது. முதிர்வில் அவருக்குப் பணம் ஒழுங்காக வந்து சேர்ந்தது, அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் விற்றவனுக்கே புரியாத பொருளை, நம்பி வந்த ஒருவரின் தலையில் கட்டினேன் என்பது மாறாது. கட்டுப்பாடு வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சரி, உங்களுக்கு மறுக்கப்பட்ட அந்த நோட்டுக்கு வருவோம். கணக்குத் தெரிந்தவர் நீங்கள், நான்கு நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

12 சதவீதத்தை வட்டி என்று நினைத்திருப்பீர்கள். அதில் ஒரு பகுதி மட்டும்தான் வட்டி. கடன் கொடுத்ததற்காகச் சந்தையில் சாதாரணமாக என்ன கிடைக்குமோ, அது. மிச்சம் இருப்பது காப்பீட்டு பிரீமியம். இங்கே பாலிசி விற்பவர் நீங்கள். 'பங்கு விலை விழுந்தால் அந்த நஷ்டத்தை நான் ஏற்கிறேன்' என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள். ஆப்ஷன் சந்தையில் இதைப் புட் ஆப்ஷன் விற்பது என்பார்கள். தனியாக அதே பெயரில் கொண்டுவந்திருந்தால் நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள். நோட் என்ற பெயரும் வருடாந்திரச் சதவீதமும் சேர்ந்ததும் டெபாசிட் மாதிரித் தெரிகிறது. காப்பீட்டு நிறுவனம் லட்சக்கணக்கில் பாலிசி விற்று ஆபத்தைப் பரப்பிக்கொள்கிறது. நீங்கள் விற்கப்போவது ஒரே ஒரு பாலிசி.

அடுத்தது அந்த 40 சதவீதம். 'முதல் 40 வரை பாதுகாப்பு' என்று காதில் விழும். ஆனால் இந்த வகை நோட்களில் வழக்கமான விதி வேறு. முதிர்வு நாளில் பங்கு 39 சதவீதம் இறங்கியிருந்தால் 100க்கு 100 கிடைக்கும். 41 சதவீதம் இறங்கியிருந்தால் 59தான் கிடைக்கும். எல்லையைத் தாண்டியதும் முழுச் சரிவும் உங்கள் கணக்கில் ஏறும். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் 41 பறிபோகிறது.

அப்புறம், மூன்று பங்குகள். மூன்று இருக்கிறதே, ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலும் இவை 'மூன்றில் மோசமானது எதுவோ அதுவே கணக்கு' என்ற அடிப்படையில்தான் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு பங்கும் எல்லைக்குக் கீழே போக பத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் அவை நகர்ந்தால், மூன்றில் ஏதாவது ஒன்றாவது கீழே போக 27 சதவீத வாய்ப்பு. ஒன்றாகவே ஏறி இறங்கும் பங்குகளாக இருந்தால் அது 10 சதவீதத்தை நோக்கிக் குறையும். அதாவது வேறு வேறு துறைப் பங்குகளாகப் பார்த்து வாங்கு என்று நாங்கள் காலம் காலமாகச் சொல்லும் அறிவுரை இங்கே தலைகீழாகிவிடுகிறது. துறைகள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, உங்களுக்கு அவ்வளவு ஆபத்து. விற்பனையாளர் "மூன்று வெவ்வேறு துறைகள் மேடம்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பல நோட்களில் இன்னொரு விதியும் உண்டு. இடையில் குறித்த ஒரு நாளில் மூன்று பங்குகளும் ஆரம்ப விலைக்கு மேலே இருந்தால் நோட் அங்கேயே முடிந்துவிடும், அசலும் அதுவரைக்குமான தொகையும் திரும்பி வரும். நல்ல காலத்தில் சீக்கிரம் அனுப்பிவிடுவார்கள். கெட்ட காலத்தில் கடைசிவரை உட்கார வைப்பார்கள்.

இதெல்லாம் மோசடி இல்லை. ஆவணத்தில் எழுதித்தான் இருக்கும். சரியான விலைக்கு, சரியான ஆள், சரியான அளவில் வாங்கினால் தவறும் கிடையாது. ஆனால் என் கேள்வி, இதை ஏன் இவ்வளவு சுற்றி வளைத்துச் செய்ய வேண்டும்? டெபாசிட்டையும், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கும் சந்தைக் குறியீட்டு ஃபண்டையும் யார் வேண்டுமானாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம், போட்டியில் கட்டணம் தேய்ந்துகொண்டே போகும். மூன்று பங்கு, ஓர் எல்லை, இடையில் முடியும் விதி என்று பின்னிவிட்டால் ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாத இடத்தில்தான் லாபம் கொழிக்கும். சிக்கலான பொருள்களில் எல்லாச் சிக்கலும் வாங்குபவருக்குத் தேவைப்பட்டு வந்ததில்லை என்பது விற்ற அனுபவத்தில் நான் கண்டது.

இனி உங்கள் பக்கத்து நியாயம். சொத்து அளவை வைத்து ஆளைப் பிரிப்பது அறிவைப் பற்றி எதையும் சொல்லாது. அமெரிக்காவில் 1982லிருந்து இந்த அளவுகோல் இருக்கிறது: நிகரச் சொத்து 10 லட்சம் டாலர் அல்லது ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் இருந்தால் பொதுமக்களுக்கு விற்காத தனியார் வெளியீடுகளில் முதலீடு செய்யலாம். விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியும் அந்த எண்கள் அசையவில்லை. 2010இல் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைச் சேர்க்கக் கூடாது என்றார்கள். 2020இல்தான் குறிப்பிட்ட தொழில்முறைத் தேர்வுகளில் தேறி உரிமம் வைத்திருப்பவர்களும் சொத்து இல்லாமலே உள்ளே வரலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். சொத்து அளவுகோலுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஒரே நல்ல வார்த்தை, பணக்காரர் தோற்றால் தாங்குவார் என்பது. அதுவும் முழு உண்மை இல்லை. உங்கள் கணவரின் அண்ணனுக்கு நிலம் ஒன்றுதான் சொத்து என்றால், அதை விற்ற பணம் அவருடைய முதுமைக்கான மொத்தச் சேமிப்பு. சட்டத்தின் கண்ணில் அவர் செல்வந்தர். என் கண்ணில் விற்பனையாளர்கள் முதலில் தேடிப் போகும் ஆள்.

ஆக, உங்களைத் தடுத்த விதி மோசமான விதி. ஆனால் அதற்காகத் தடுப்பே வேண்டாம், எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

எழுதி வைப்பதன் லட்சணத்தை 2018 பிப்ரவரியில் பார்த்தோம். அமெரிக்கச் சந்தை ஏற்ற இறக்கமின்றி அமைதியாக இருக்கும் என்று பந்தயம் கட்டும் எக்ஸ்ஐவி என்ற நோட், பங்கு மாதிரியே சந்தையில் கைமாறிக்கொண்டிருந்தது. யாரும் வாங்கலாம். பிப்ரவரி 5ஆம் தேதி சந்தை குலுங்கியதில் ஒரே நாளில் அதன் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் போனது, வெளியிட்ட நிறுவனமே அந்த நோட்டை முடித்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், நீண்ட காலத்தில் இதன் எதிர்பார்க்கத்தக்க மதிப்பு பூஜ்யம் என்று அதன் ஆவணத்திலேயே இருந்தது. இதைவிட வெளிப்படையாக ஒரு நிறுவனம் எப்படிச் சொல்ல முடியும்? வாங்கியவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்னொன்று, இந்தியாவின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட எண்கள். 2021-22 நிதியாண்டில் பங்கு டெரிவேட்டிவ்களில் (பங்கு விலையை வைத்து எழுதப்படும் ஒப்பந்தங்களில்) இறங்கிய தனிநபர்களில் பத்தில் ஒன்பது பேர் நஷ்டப்பட்டார்கள் என்று 2023இல் சொன்னது. வியாபாரக் கணக்குக்குள் நுழையும்போதெல்லாம் இந்த எச்சரிக்கை திரையில் வர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. திரையில் வந்தது, மக்கள் 'சரி' என்ற பொத்தானை அமுக்கிவிட்டு உள்ளே போனார்கள். 2024 செப்டம்பரில் வந்த அடுத்த ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தமாக 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அதன்பிறகுதான் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை உயர்த்துவது, வாராந்திர ஒப்பந்தங்களை ஒரு பங்குச் சந்தைக்கு ஒரு குறியீடு என்று சுருக்குவது போன்ற நேரடி நடவடிக்கைகள் வந்தன. எச்சரிக்கை வாசகம் மட்டும் வேலை செய்யாது என்பதற்கு இதைவிடப் பெரிய பரிசோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

பொருளின் மேலேயே கைவைத்த கட்டுப்பாடுகள் பலன் தந்திருக்கின்றன. ஐரோப்பாவில் சிஎஃப்டி எனப்படும், பங்கையோ நாணயத்தையோ வாங்காமல் விலை மாற்றத்தில் மட்டும் பந்தயம் கட்டும் ஒப்பந்தங்களில், சில்லறை வாடிக்கையாளர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் இருந்தன. 2018இல் ஐரோப்பியச் சந்தை ஆணையமான எஸ்மா அவற்றைத் தடை செய்யவில்லை. கடன் வாங்கிப் பெருக்கும் அளவுக்கு உச்சவரம்பு போட்டது, போட்ட பணத்துக்கு மேல் நஷ்டம் போகக் கூடாது என்றது, ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளர்களில் எத்தனை சதவீதம் தோற்கிறார்கள் என்று விளம்பரத்திலேயே போடச் சொன்னது. அதே சமயம் பைனரி ஆப்ஷன்களைச் சில்லறை ஆட்களுக்கு விற்கவே கூடாது என்றது. ஏறுமா இறங்குமா என்று நிமிடக் கணக்கில் பந்தயம் கட்டும் அந்தப் பொருளில் காப்பாற்ற எதுவும் இல்லை, சரியான முடிவு. பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிஏ 2014இலேயே, வங்கி நொடித்தால் மதிப்பிழக்கும் ஒருவகைப் பத்திரங்களைச் சாதாரண மக்களுக்கு விற்பதைக் கட்டுப்படுத்தியது. அப்போது பலரும் முணுமுணுத்தார்கள். 2023 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ் வங்கி சரிந்தபோது அந்த வகைப் பத்திரங்களில் சுமார் 1,600 கோடி சுவிஸ் பிராங்க் ஒரே இரவில் பூஜ்யமானது.

'உத்தரவாதம் யார் தருகிறார்கள்?' என்று அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் என்னிடம் கேட்டது, ஹாங்காங்கில் 40,000க்கும் அதிகமான பேருக்கு விடை கிடைத்த கேள்வி. லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி தொடர்பான நோட்களை அங்கே வங்கிக் கிளைகளில் விற்றார்கள். அவற்றில் பிரபலமானதற்கு 'மினிபாண்ட்' என்று பெயர். உண்மையில் அது சாதாரணக் கடன் பத்திரம் இல்லை, வேறு நிறுவனங்களின் கடன் தவறும் ஆபத்தை முதலீட்டாளர் தலையில் ஏற்றும் டெரிவேட்டிவ். 2008இல் லேமன் விழுந்தது. கடைசியில் 2009இல், 16 வங்கிகள் முகமதிப்பில் 60 சதவீதத்துக்கும், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 70 சதவீதத்துக்கும் திரும்ப வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகு அங்கே வந்த மாற்றங்களில் எனக்குப் பிடித்தது, பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நீண்ட கால நோட்களை வாங்கிய பிறகும் ஐந்து வேலைநாள் யோசித்து வேண்டாம் என்று சொல்லலாம் என்ற விதி. வீட்டுக்குப் போய், ஆறிய மனதோடு, உங்களைப் போன்ற ஒரு தம்பி மனைவியிடம் காட்டிக் கேட்க அவகாசம் கிடைக்கிறது பாருங்கள். சாதாரண யோசனை, ஆனால் விற்பனையாளருடைய அவசரத்தின் கழுத்தைப் பிடிக்கிறது.

தடை என்றால் பக்கவிளைவும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். இறுக்கினால் சிலர் எந்த நாட்டுச் சட்டமும் எட்டாத இணையத் தளங்களுக்குப் போவார்கள். அங்கே லாபம் வந்தாலும் எடுக்க முடியாமல் போகலாம். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. ஒழுங்குமுறை அமைப்பும் தவறு செய்யும், பிறகு மாற்றிக்கொள்ளும். பிரிட்டனில் கிரிப்டோ டெரிவேட்டிவ்களையும் கிரிப்டோவோடு இணைத்த நோட்களையும் 2021 ஜனவரியில் சில்லறை ஆட்களுக்குத் தடை செய்தார்கள். 2025 அக்டோபரில் அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் பட்டியலிட்ட நோட்களுக்கு மட்டும் தடையை நீக்கினார்கள், டெரிவேட்டிவ் தடை நீடிக்கிறது.

லாட்டரி வாதத்தை எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். லாட்டரி வாங்குபவருக்கு அது அதிர்ஷ்டம் என்று தெரியும். விற்பவரும் டை கட்டிக்கொண்டு வந்து "டெபாசிட்டுக்குப் பதிலாக இதில் போடுங்கள்" என்று சொல்வதில்லை. யாராவது ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக லாட்டரியில் போடச் சொல்லி வீடு வீடாகப் போனால் அதையும் நான் தடுக்கச் சொல்வேன். தனிப் பங்கு விஷயத்தில் நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்ல வேண்டும்: எளிமையான பொருள் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை. ஒரே கம்பெனிப் பங்கில் முழுப் பணத்தையும் இழக்கலாம். ஆனால் எப்படி இழந்தோம் என்று புரியும். விலை என்ன என்று தினமும் தெரியும், வேண்டாமென்றால் விற்றுவிடலாம். நோட்டில் இந்த மூன்றுமே மங்கல்.

என்னிடம் பேனாவைக் கொடுத்தால் என்ன எழுதுவேன் என்று கேட்டால், சொத்து அளவுகோலைத் தூக்கிவிடுவேன். அதற்குப் பதில் அந்தக் குறிப்பிட்ட பொருளைப் பற்றிய ஒரு சிறிய தேர்வு. 'ரிஸ்க் தெரியும், ஆம் அல்லது இல்லை' என்று டிக் அடிக்கிற வகை வேண்டாம். 'பங்கு 41 சதவீதம் இறங்கினால் உங்களுக்கு எவ்வளவு வரும்?' என்று எண்ணைக் கேட்க வேண்டும். அதே தேர்வை விற்பவரும் எழுத வேண்டும், முதலில் அவர்தான். தேறினாலும் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. இந்தப் பத்து என்பது என் கை அளவுதான், ஐந்து என்று யாராவது வாதிட்டால் சண்டை போட மாட்டேன். முன்கூட்டியே மொத்தமாகக் கமிஷன் கொடுப்பதை நிறுத்த வேண்டும், நோட் உயிரோடு இருக்கும் காலம் முழுக்கப் பிரித்துக் கொடுக்கட்டும். இவ்வளவு செய்தால் சந்தைக்கு வரும் நோட்களில் பாதி தானாகவே காணாமல் போகும் என்பது என் ஊகம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அண்ணன் பெயரில் போடாதீர்கள். விதி மோசமானதாக இருக்கலாம், அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழி அதைவிட மோசம். 'இது என் சொந்தப் பணம்' என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழி பொய்யாகிவிடும். பணம் சட்டப்படி அவருடையதாகும், வரியும் அவர் கணக்கில் வரும். அவருக்கு ஏதாவது ஆனால் வாரிசுகளிடம் நீங்கள் கையேந்த வேண்டும். தவறாக விற்றுவிட்டார்கள் என்று புகார் கொடுக்கும் உரிமைகூட உங்களுக்கு இருக்காது. லாபம் வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். 59 திரும்பி வந்த நாளில் யார் யாரைத் தூண்டிவிட்டார்கள் என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு நோட் முதிர்ந்த பிறகும் முதிராது.

12 சதவீதம் வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் இந்த நோட் மூலம் நீங்கள் தேடியது பங்குச் சந்தை லாபத்தில் ஒரு பங்கும் கொஞ்சம் பாதுகாப்பும் என்றால், பெரும்பகுதியை டெபாசிட்டிலும் சிறு பகுதியைச் சந்தைக் குறியீட்டு ஃபண்டிலும் போட்டு நீங்களே கட்டிக்கொள்ளலாம். உதாரணத்துக்கு, ஐந்து வருடத்துக்கு 7 சதவீதம் கிடைக்கும் இடத்தில் 71.30 போட்டால் அது 100 ஆகிவிடும், மீதி 28.70ஐ ஃபண்டில் போடுங்கள். ஃபண்ட் பூஜ்யமானாலும் அசல் கையில். உத்தரவாதத் திட்டங்களுக்குள்ளே ஓடுவதும் ஏறக்குறைய இதே கணக்குதான், நடுவில் எடுத்துக்கொள்ளும் கூலி மட்டும் உங்களிடமே தங்கும்.

அண்ணனைப் பொறுத்தவரை, அவர் ஆவணத்தை உங்களிடம் நீட்டியதே நல்ல அறிகுறி. கையெழுத்துப் போடும் முன் விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்: "இன்று 100 கொடுத்து இதை வாங்கி, சந்தை அசையாமல் இருக்க, நாளையே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்?" அமெரிக்காவில் இந்த மாதிரி நோட்களின் ஆவணத்தில் முதல் பக்கத்திலேயே வெளியிடும் நிறுவனத்தின் சொந்த மதிப்பீட்டைப் போட வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் அது விற்கும் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அண்ணனுக்கு 96 என்று பதில் வந்தால், அந்த 4 எங்கே போகிறது என்று கேட்கட்டும். பதிலே வரவில்லை என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அந்த ஆவணத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.